கேள்வியிலிருந்து தொடங்குங்கள்: முதுகலை ஆய்வு குறித்த வாசகர் வினா–விடை

முதுகலை வகுப்பில் சேர்ந்து, முதன்முறையாக ஓர் ஆய்வேடு எழுதவேண்டிய நிலையில் இருக்கும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழின் பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரையும் படிப்பையும் மட்டும் குறித்துள்ளோம். ஒரே பொருளைப் பற்றிப் பலர் எழுதியிருந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: நான்காம் பருவத்தில் ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டும். தலைப்போடு வருமாறு நெறியாளர் கூறினார். ‘தமிழகத்தில் பஞ்சங்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன். மிகவும் பெரிது என்று திருப்பித் தந்துவிட்டார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை எடுத்துக்கொள்ளலாமா? எங்கிருந்து தொடங்குவது?
(முதுகலை வரலாறு, முதலாண்டு மாணவி, சேலம்)

பதில்: தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் நெறியாளர் செய்ததும் சரியே. ‘தமிழகத்தில் பஞ்சங்கள்’ என்பது ஒருவர் தம் வாழ்நாளில் பாதியைச் செலவிட்டு எழுதவேண்டிய நூலுக்குரிய பெயர். வகுப்புகளுக்கும் தேர்வுகளுக்கும் இடையே கிடைக்கும் சில மாதங்களில் எழுதப்படும் ஆய்வேடு அதைத் தாங்காது. தாது வருடத்தில் தொடங்கி ஈசுவர வருடத்திலும் தொடர்ந்த 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம் என்று சுருக்கினாலும், அது சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியோடு மைசூர், ஐதராபாத், பம்பாய்ப் பகுதிகளையும் வாட்டிய நிகழ்வு என்பதால், பரப்பு இன்னும் உங்கள் கைக்கு அடங்கியதாக ஆகவில்லை. தலைப்பைத் தேடும் வேலையைச் சில வாரங்களுக்கு ஒத்திவைத்துவிட்டு, எனக்கு விடை தெரியாத எந்த ஒன்றை இந்த ஆண்டுக்குள் ஆவணங்களைக் கொண்டு கண்டறிய முடியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேள்வி கிடைத்துவிட்டால் தலைப்பு அதன் பின்னாலேயே வரும்.

கேள்வி வெறும் சிந்தனையிலிருந்து பிறப்பதில்லை, வாசிப்பில்தான் பிறக்கும். நீங்கள் சேலத்தவர் என்பதால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. எச். லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு 1883இல், அதாவது பஞ்சம் முடிந்து ஐந்தே ஆண்டுகளில் வெளிவந்தது. அதில் பஞ்சம் குறித்த பகுதிகளை முதலில் படியுங்கள். அடுத்து, அக்காலத்தில் சென்னையில் இதழாசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியப் பஞ்ச நிவாரண வரலாற்றையும், 1880இல் அறிக்கை அளித்த பஞ்ச ஆணையம் சென்னை மாகாணத்தைப் பற்றிச் சொல்வதையும் படியுங்கள். இவை பதிப்புரிமைக் காலம் கடந்த பழைய நூல்கள். மின்னூலகங்களில் தேடிப் பாருங்கள். படிக்கும்போது செய்திகளைத் தொகுப்பதைவிட, ஒருவரோடு ஒருவர் எங்கே முரண்படுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுவது பயன்தரும். 1877இன் தொடக்கத்தில் வைஸ்ராயின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலைத்தளத்தில் உழைக்கும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு, ஏறத்தாழ 450 கிராம், தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ், அந்த அளவு உழைக்கும் உடலைக் காப்பாற்றாது என்று கடுமையாக மறுத்தார். ஆள்வோருக்குள்ளேயே இருந்த இந்தப் பிளவு ஆய்வாளருக்குக் கிடைத்த வாய்ப்பு, ஏனெனில் இரு தரப்பும் தத்தம் நிலையை நிறுவுவதற்காகப் பக்கம் பக்கமாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கின்றன.

இந்தக் கார்னிஷ் 1871ஆம் ஆண்டுச் சென்னை மாகாண மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவரும் ஆவார். அந்தக் கணக்குப்படி சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 19.7 லட்சம், 1881இல் அது 16 லட்சமாகக் குறைந்திருந்தது. இந்த இரண்டு எண்களையும் பார்த்தவுடன், கழித்து வரும் தொகையைப் பஞ்சத்தில் இறந்தோர் எண்ணிக்கை என்று எழுதிவிடத் தோன்றும். எழுதிவிடாதீர்கள். குறைந்தவர்களில் இறந்தவர்கள் இருக்கிறார்கள். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் பிற மாவட்டங்களுக்கும் பிழைக்கப் போனவர்கள் இருக்கிறார்கள். பஞ்ச காலத்தில் பிறப்பு விகிதம் விழுந்ததால் பிறக்காமலே போன குழந்தைகளும் அந்த இடைவெளிக்குள் இருக்கிறார்கள். இன்னொரு புறம், 1871க்கும் 1876க்கும் இடையே மக்கள்தொகை வளர்ந்திருக்கும் என்பதால், கழித்து வரும் தொகை உண்மையான இழப்பைக் குறைத்துக் காட்டவும் கூடும். அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளையும் உள்ளடக்கியது என்பதையும் மறக்கக் கூடாது. ஓர் எண்ணை இவ்வளவு தொல்லைப்படுத்திப் பார்ப்பது முதலில் அலுப்பாகத் தோன்றும். நம் கல்லூரி ஆய்வேடுகள் பலவற்றில் காணாமல் போவது இந்த அலுப்புதான் என்பது என் கருத்து.

இப்படிப் படித்துவரும்போது கேள்விகள் தாமாகவே சிறியவையாகிவிடும். ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். சேலம் நெசவுக்குப் பேர்போன வட்டாரம். பஞ்சத்தில் விளைச்சலை இழந்தவர் உழவர்; ஆனால் துணி வாங்க ஆளில்லாமல் போனதால் நெசவாளரும் பிழைப்பை இழந்தார். அவரைச் சாலை போடவும் ஏரி தூர்வாரவும் மண்வேலைத் தளத்துக்கு அனுப்புவதா, நூல் கொடுத்துத் தறியிலேயே வேலை தருவதா என்பது அன்றைய அதிகாரிகளிடையே விவாதிக்கப்பட்ட பொருள். ‘1877இல் சேலம் மாவட்ட நெசவாளர்களுக்கு எவ்வகை நிவாரணம் அளிக்கப்பட்டது, அந்த வகையை முடிவு செய்தவர்கள் என்ன காரணங்களைக் கூறினார்கள்?’ என்று கேட்டால், அது ஓர் ஆண்டில் விடை தேடக்கூடிய கேள்வியாகிறது. விடை எதுவாக இருக்கும் என்று இப்போதே எனக்கும் உங்களுக்கும் தெரியாது. ஆய்வுக்கேள்விக்கு அதுவே அடையாளம். இதையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. நிவாரணத் தளங்களில் பெண்களின் கூலி, ஒரு வட்டத்தில் நிலவரித் தள்ளுபடி, பஞ்சத்தைப் பாடிய கும்மிகளில் அரசு எவ்வாறு சித்திரிக்கப்படுகிறது என்று உங்கள் வாசிப்பு எங்கே இழுக்கிறதோ அங்கே போகலாம்.

கேள்வி ஓரளவு உருப்பெற்ற பிறகே எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குச் செல்லுங்கள். கேள்வி இல்லாமல் வெறுங்கையோடு போனால் வருவாய் வாரிய நடவடிக்கைத் தொகுதிகளின் எண்ணிக்கையே உங்களை மிரட்டிவிடும். துறைத் தலைவரின் அறிமுகக் கடிதத்தையும் கல்லூரி அடையாள அட்டையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி, நகலெடுத்தல் ஆகியவற்றுக்கான விதிமுறைகளை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாள் முழுவதையும் அட்டவணைத் தொகுதிகளுக்கே கொடுங்கள். ஒவ்வொரு ஆவணத்தையும் குறிக்கும்போது துறை, ஆணை எண், நாள் ஆகிய மூன்றையும் அப்போதே எழுதிவிட வேண்டும். எண் இல்லாமல் எழுதிவந்த அருமையான மேற்கோளை அடிக்குறிப்பில் சேர்க்க முடியாது, சேர்க்க முடியாததை ஆய்வேட்டில் பயன்படுத்தவும் முடியாது.

பத்திரிகைகளை நம்பிப் போகிறவர்கள் ஆண்டுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘தி இந்து’ 1878 செப்டம்பரிலும் ‘சுதேசமித்திரன்’ 1882இலும் தொடங்கப்பட்டவை; எனவே பஞ்சத்தின் உச்சமான 1877ஐப் பற்றி அன்றாடச் செய்தி அவற்றில் இருக்க வழியில்லை. அக்கால இந்திய மொழி இதழ்கள் என்ன எழுதின என்பதை அரசின் மொழிபெயர்ப்பாளர்கள் தொகுத்த அறிக்கைகள் ஆவணக் காப்பகங்களில் உண்டு. ஆனால் அவை அரசு தெரிந்துகொள்ள விரும்பியவற்றின் சாரம் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். சேலத்தில் பணியாற்றிய இலண்டன் மிஷனின் ஆவணங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன; அவை உங்கள் முதுகலை ஆய்வேட்டின் எல்லைக்கு வெளியே என்று முன்னுரையில் வெளிப்படையாக எழுதிவிடலாம். அப்படி எழுதுவதில் குறைவு ஒன்றும் இல்லை.

கேள்வி: முதுகலைத் தமிழ் படிக்கிறேன். புறநானூற்றில் ஆய்வு செய்ய விருப்பம். ஷோத்கங்கா தளத்தில் தேடினால் எந்தக் கோணத்தை எடுத்தாலும் யாரோ ஒருவர் ஏற்கெனவே முனைவர் பட்டம் பெற்றிருக்கிறார். இனிப் புதிதாகச் செய்ய என்ன இருக்கிறது?
(மாணவர், தஞ்சாவூர்)

பதில்: ஷோத்கங்காவைத் தேடிப் பார்த்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் அந்த ஆய்வேட்டுத் திரட்டை, ஆய்வு முடிந்த பிறகு எட்டிப் பார்ப்பவர்களே அதிகம். ஆனால் தலைப்புகளின் பட்டியலைப் பார்த்து மலைத்துப்போக வேண்டாம். உங்கள் ஆர்வத்துக்கு நெருக்கமான மூன்று நான்கு ஆய்வேடுகளைத் திறந்து, முன்னுரையையும் முடிவுரையையும் துணைநூற்பட்டியலையும் படியுங்கள். அவற்றில் கணிசமானவை ‘புறநானூற்றில் இன்னது’ என்ற அமைப்பில் இருப்பதையும், நூலில் உள்ள சான்றுகளைத் தலைப்புவாரியாக அடுக்கி, அவை உள்ளன என்று நிறுவுவதோடு நின்றுவிடுவதையும் காண்பீர்கள். உவமைகள் உள்ளன, விழுமியங்கள் உள்ளன, விருந்தோம்பல் உள்ளது. அவை இல்லை என்று யாரும் சொல்லவில்லையே.

நூலுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கேட்டவர்கள் பலர். நூல் நமக்கு எப்படி வந்தது, நமக்குத் தெரிந்ததாக நினைப்பது எதைச் சார்ந்து நிற்கிறது என்று கேட்டவர்கள் அவ்வளவு இல்லை. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். நானூறு பாடல்களில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு சில சிதைந்த நிலையில் கிடைத்தன. பழைய உரை முதல் 266 பாடல்களுக்கே உள்ளது. பாடல்களின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் ஆகியவற்றைச் சொல்லும் குறிப்புகள் இருக்கின்றன. பாடப்பட்ட மன்னன் யார் என்பதைப் பல இடங்களில் இந்த அடிக்குறிப்பைக் கொண்டே அறிகிறோம். பாடல் வரிகள் அவன் பெயரைச் சொல்வதில்லை. நெல்லிக்கனிப் பாடலில் ஔவையார் ‘அதியர் கோமான்’ என்றும் ‘அஞ்சி’ என்றும் வெளிப்படையாக விளிக்கிறார். இது 91ஆம் பாடல். ‘களம்புகல் ஓம்புமின் தெவ்விர்’ என்று தொடங்கும் 87ஆம் பாடலில் தேர்செய்யும் தச்சன் வருகிறான், ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய அவன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரம் வருகிறது, அதைப் போன்ற பொருநன் (போர்வீரன்) ஒருவன் வருகிறான், ஆனால் பெயர் வருவதில்லை. அதியமான் மீது பாடப்பட்டவையாகக் கொள்ளப்படும் பாடல்களில் எத்தனை பாடல் வரிகளின் வலிமையால் அவனுக்குரியவை, எத்தனை அடிக்குறிப்பின் வலிமையால் அவனுக்குரியவை? இதைப் பிரித்துப் பட்டியலிட்டுவிட்டு, பெயரில்லாத பாடல்களை அவனோடு இணைக்க வேறு அகச்சான்று உண்டா என்று ஆராய்ந்தால், ஒரு முதுகலை ஆய்வேட்டுக்குப் போதுமான பொருள் கிடைத்துவிடும். திருக்கோவலூர்ப் பகுதியில் ஜம்பை என்னும் ஊரில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்பிராமிக் கல்வெட்டு, ‘அதியன் நெடுமான் அஞ்சி’ ஈந்த பாளியை (துறவியர் தங்கும் குகையை) குறிப்பதால், இலக்கியத்துக்கு வெளியே நிற்கும் சான்று ஒன்றும் உங்களுக்கு இருக்கிறது. அந்தக் கல்வெட்டைக் கொண்டு எதை நிறுவலாம், எதை நிறுவ முடியாது என்று ஓர் இயல் எழுதலாம்.

பதிப்பைப் பற்றி ஒரு சொல். சைவ சித்தாந்த மகா சமாஜத்துக்காக எஸ். வையாபுரிப் பிள்ளை 1940இல் பதிப்பித்த சங்க இலக்கியத் தொகுப்பு, சாமிநாதையர் பதிப்பு, பிற்கால உரைப் பதிப்புகள் ஆகியவற்றில் பாடவேறுபாடுகள் உண்டு. எந்தப் பதிப்பை அடிப்படையாகக் கொள்கிறீர்கள் என்பதை முதற்பக்கங்களிலேயே சொல்லுங்கள். மதுரைத் திட்டம் போன்ற மின்பதிப்புகள் சொல் தேடுவதற்கு மிகவும் உதவும். மேற்கோள் காட்டுமுன் அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிட வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967–70இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவு உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் தூசி படிந்து கிடக்கக்கூடும், கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அரசுக் கல்லூரியில் முதுகலைப் பொருளியல் படிக்கிறேன். பள்ளியிலிருந்து தமிழ்வழியில் படித்தவன். ஆங்கில ஆய்வுக் கட்டுரை ஒன்றை முழுவதும் படிக்க நான்கைந்து நாள்கள் ஆகின்றன. கட்டுரைகளைப் பணம் கட்டி வாங்கவும் வசதியில்லை.
(மாணவர், திருவண்ணாமலை)

பதில்: இரண்டாவது சிக்கலுக்கு முதலில் விடை சொல்லிவிடலாம். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்னும் மத்திய அரசின் திட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. முப்பது பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள உயர்கல்வி நிறுவனங்கள் கட்டணமின்றிப் படிக்க அது வழிசெய்கிறது. உங்கள் கல்லூரி அதில் பதிவுசெய்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். பதிவு செய்யவில்லையென்றால், செய்யச் சொல்லி முதல்வரிடம் மனுக் கொடுங்கள். தனிப்பட்ட பணத்தைக் கொடுத்துக் கட்டுரை வாங்கவேண்டிய தேவை முதுகலை மாணவர் ஒருவருக்கு அநேகமாக ஏற்படாது. பல ஆசிரியர்கள் தம் கட்டுரையின் முன்வரைவைத் தாமே இலவசமாக வெளியிட்டும் இருப்பார்கள். கூகுள் ஸ்காலரில் கட்டுரைத் தலைப்பின் கீழ் உள்ள ‘அனைத்துப் பதிப்புகள்’ என்ற இணைப்பைச் சொடுக்கிப் பாருங்கள்.

படிப்பதைப் பொறுத்தவரை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வரிசையாகப் படிப்பதை விட்டுவிடுங்கள். கட்டுரைச் சுருக்கம், பிறகு முன்னுரையின் இறுதிப் பத்திகள், பிறகு முடிவுரை, பிறகு அட்டவணைகள் என்ற வரிசையில் படித்தால், ஆசிரியர் என்ன கேட்டார், எந்தத் தரவைக் கொண்டு விடை கண்டார், விடை என்ன என்ற மூன்றும் ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். அந்த மூன்றையும் தமிழில் மூன்று வாக்கியங்களாக எழுதி வையுங்கள். எழுத வராவிட்டால் கட்டுரை உங்களுக்கு விளங்கவில்லை என்று பொருள். உங்கள் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடைய ஐந்தாறு கட்டுரைகளை மட்டும் முழுமையாக, அகராதியோடு உட்கார்ந்து, நான்கைந்து நாள் ஆனாலும் சரி என்று படியுங்கள். ஒரு துறையின் ஆங்கிலக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சில நூறுதான். பத்துக் கட்டுரை கடந்த பிறகு வேகம் கூடுவதை நீங்களே உணர்வீர்கள்.

கேள்வி: ‘பன்னாட்டு ஆய்விதழ், ஐ.எஸ்.எஸ்.என். எண் உண்டு, மூன்று நாளில் வெளியீடு, சான்றிதழ் இலவசம்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. இரண்டாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். என் வகுப்பில் பாதிப் பேர் கட்டிவிட்டார்கள். நானும் கட்டலாமா?
(மாணவி, திண்டுக்கல்)

பதில்: கட்டாதீர்கள். ஐ.எஸ்.எஸ்.என். என்பது தொடர் வெளியீடு ஒன்றை அடையாளம் காண்பதற்கான எண். வண்டியின் பதிவெண் ஓட்டுநரின் திறமையைச் சொல்லாததைப் போலவே, அது இதழின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. துறை அறிந்த இருவர் படித்துக் கருத்துக் கூறி, ஆசிரியர் திருத்தி, மீண்டும் பார்க்கப்பட்டு வெளிவர வேண்டிய கட்டுரை மூன்று நாளில் வெளிவருகிறது என்றால், அதை யாரும் படிக்கவில்லை என்பதே பொருள். பல்கலைக்கழக மானியக் குழு பராமரித்துவந்த, ‘கேர்’ என்னும் தரமான ஆய்விதழ்களின் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டதால், ‘கேர் பட்டியலில் உள்ளது’ என்ற விளம்பரத்துக்கும் இப்போது பொருளில்லை. இதழின் தரத்தை நிறுவனங்களும் ஆய்வாளர்களுமே மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையே 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் நீக்கிவிட்ட நிலையில், முதுகலை மாணவியை அவசரப்படுத்த யாருக்கும் நியாயமில்லை. ஓர் இதழை மதிப்பிட வேண்டுமென்றால், அதன் கடைசி இரண்டு இதழ்களை எடுத்துப் படித்துப் பாருங்கள். பல் மருத்துவமும் கம்பராமாயணமும் காங்கிரீட் கலவையும் ஒரே அட்டைக்குள் இருந்தால் மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை. ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் தம் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்றும் பார்க்கலாம்.

கேள்வி: பத்து விழுக்காட்டுக்குக் கீழ் ஒப்புமை இருந்தால் கருத்துத் திருட்டு ஆகாது என்கிறார்கள். ஆங்கில நூலைத் தமிழாக்கி எழுதினால் மென்பொருள் காட்டிக்கொடுப்பதும் இல்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியைப் பயன்படுத்தலாமா என்றும் தெளிவாகச் சொல்லுங்கள்.
(மாணவர், திருநெல்வேலி)

பதில்: மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில் பத்து விழுக்காடு வரை தண்டனை இல்லை, பத்துக்கு மேல் நாற்பது வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும், நாற்பதுக்கு மேல் அறுபது வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய வடிவைத் தரவே முடியாது, அறுபதைக் கடந்தால் பதிவு ரத்தாகும். இந்த அடுக்கு தண்டனைக்கான அளவுகோல். பத்து விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளலாம் என்று அது யாருக்கும் உரிமை வழங்கவில்லை. ஒப்புமை காட்டும் மென்பொருள் சொற்றொடர்களை ஒப்பிடுகிறது. தமிழ் நூல்களில் பெரும்பகுதி அதன் தரவுக்குள் இல்லாததால் தமிழ் ஆய்வேட்டில் அது காட்டும் எண் எப்போதுமே சிறியதாக இருக்கும். ஆங்கில நூலொன்றின் வாதத்தை மொழிபெயர்த்து, மூலத்தைச் சொல்லாமல் எழுதினால், மென்பொருள் பூச்சியம் காட்டினாலும் அது திருட்டே. வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர் அந்த நூலைப் படித்தவராகத்தான் இருப்பார். அதனால்தான் அவரை அழைத்திருப்பார்கள்.

செயலிகளைப் பொறுத்தவரை, உங்கள் பல்கலைக்கழகம் என்ன விதி வகுத்திருக்கிறது என்பதை முதலில் கேட்டறிந்து அதற்குக் கட்டுப்படுங்கள். விதி அனுமதித்தாலும், துணைநூற்பட்டியலை மட்டும் அவற்றிடம் கேட்காதீர்கள். இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் எல்லாம் பொருத்தமாகப் புனைந்து தருவது அவற்றுக்கு இயல்பாக வருகிறது. கண்ணால் பார்க்காத நூலை அடிக்குறிப்பில் சேர்ப்பதில்லை என்ற பழைய ஒழுக்கத்தைக் கடைப்பிடித்தால் இந்தச் சிக்கலே எழாது. பார்த்த நூல்களின் விவரத்தை அன்றன்றே சேமிக்க சோட்டெரோ என்னும் இலவச மென்பொருள் போதும். ஒரு குறிப்பேடும் போதும்.

கேள்வி: மலையகத் தமிழர் குடிபெயர்வைப் பற்றி எழுத விரும்புகிறேன். சென்னைக்கு வந்து ஆவணங்களைப் பார்க்கும் வசதி எனக்கு இல்லை. எதைக் கொண்டு தொடங்கலாம்?
(முதுகலை மாணவி, ஹற்றன்)

பதில்: சென்னைக்கு வராமலே தொடங்கலாம். 2005 முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தில் மலையகம் சார்ந்த நூல்களும் இதழ்களும் மலர்களும் ஏராளமாக உள்ளன. தோட்டத் தொழிற்சங்க இதழ்களும் நினைவு மலர்களும் அச்சில் கிடைக்காதவை என்பதால் அவற்றையே முதன்மைச் சான்றாகக் கொண்டு ஒரு கேள்வியை அமைக்கலாம். கொழும்பில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அரசாங்க அதிபர்களின் ஆண்டு நிர்வாக அறிக்கைகள் இருக்கின்றன. சேலம் மாணவிக்குச் சொன்ன அதே பஞ்சம் உங்கள் பக்கத்திலும் பதிவாகியிருக்கிறது: 1876–78இல் வந்திறங்கியவர்களைப் பற்றி இலங்கை அதிகாரிகள் என்ன எழுதினார்கள் என்று பார்க்கலாம். இலங்கையில் முதற் குடிசன மதிப்பீடு 1871இல் நடந்ததால், அதையும் 1881ஐயும் சென்னை மாகாணக் கணக்கோடு அருகருகே வைத்துப் பார்க்க வாய்ப்பிருக்கிறது. உங்கள் குடும்பத்திலும் அயலிலும் உள்ள முதியவர்களிடம் பேசுவதாயின், ஒப்புதல் பெற்று ஒலிப்பதிவு செய்து, நாள், இடம், பேசியவரின் வயது ஆகியவற்றோடு எழுத்தில் பெயர்த்து வையுங்கள்.

கேள்வி: நெறியாளரைப் பார்க்கவே முடிவதில்லை. பார்த்தாலும் ‘எழுதிக்கொண்டு வா’ என்பதோடு சரி.
(மாணவர், விழுப்புரம்)

பதில்: எழுதிக்கொண்டு போங்கள். கையில் ஒன்றும் இல்லாமல் ‘என்ன செய்வது’ என்று கேட்கும் மாணவருக்கு, பத்துப் பேரை வழிநடத்தும் ஆசிரியர் வேறு எதையும் சொல்ல முடியாது. இரண்டு பக்கம் எழுதி, ஐயம் உள்ள இரண்டு இடங்களை அடிக்கோடிட்டுக் கொடுத்து, வரும் வியாழக்கிழமை பத்து நிமிடம் கிடைக்குமா என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் ஒதுக்குவார்கள். அப்படியும் ஒரு பருவம் முழுவதும் நேரம் கிடைக்கவில்லை என்றால், துறைத் தலைவரிடம் எழுத்தில் தெரிவிப்பது உங்கள் உரிமை; அதைப் புகாராக எழுதாமல் வேண்டுகோளாக எழுதுங்கள்.

கேள்வி: முதுகலை முடித்ததும் எம்.ஃபில். சேர்ந்து, பிறகு பிஎச்.டி. செய்யலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். உதவித்தொகை கிடைக்குமா?
(மாணவி, நாகர்கோவில்)

பதில்: வீட்டில் இருப்பவர்கள் பழைய நடைமுறையைச் சொல்கிறார்கள். 2022 நவம்பரில் வெளியான மானியக் குழு விதிமுறைகள் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்திவிட்டன, எனவே அதற்கு இனிப் பணமும் ஆண்டும் செலவிட வேண்டாம். முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர்கள் நேரடியாகப் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம்; ஒடுக்கப்பட்ட பிரிவினர் உள்ளிட்டோருக்கு ஐந்து விழுக்காடு தளர்வு உண்டு. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் பொதுவாக ஆறு ஆண்டு. ஆண்டுக்கு இரு முறை நடக்கும் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) தகுதி பெற்றவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. அந்தத் தகுதி கிட்டாதவர்களும் 2024 ஜூன் தேர்விலிருந்து நெட் மதிப்பெண்ணைக் கொண்டு பிஎச்.டி. சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம், மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் தரப்படும், அந்த மதிப்பெண் ஓராண்டுக்குச் செல்லும்.

நேர்காணலில் கேட்கப்படுவது பெரும்பாலும் உங்கள் முதுகலை ஆய்வேட்டைப் பற்றியதாகவே இருக்கும். ஆகையால் இந்த ஆண்டு எழுதும் ஆய்வேட்டில், நீங்கள் பார்க்க விரும்பியும் நேரமின்மையால் பார்க்க முடியாமல் போன ஆவணங்களையும் நூல்களையும் அவை இருக்கும் இடத்தோடு தனிப் பட்டியலாகக் குறித்துவருவது நல்லது. பிஎச்.டி. முன்மொழிவு எழுத உட்காரும்போது முதலில் தேவைப்படுவது அந்தப் பட்டியல்தான்.